நான்கு அடி இறக்கிய கம்பம்

உயரத்தில் இருந்த ஒன்றைக் கீழே இறக்கியதும், அது ஏன் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது?

இந்தக் கேள்வியை என்னிடம் ஏழெட்டுப் பேராவது கேட்டிருப்பார்கள். ஒருவரைக்கூட என்னால் நம்பவைக்க முடியவில்லை. புத்தகத்தில் படித்த பதில் ஒன்று கையில் இருக்கிறது. அதைச் சொல்லி முடிக்கும்போது, கேட்டவரின் முகத்தைவிட என் முகத்தில்தான் சந்தேகம் அதிகமாக இருக்கும்.

அன்று காலை பாம்பன் கரையில், எங்கள் நண்டு ஷெட்டின் மொட்டை மாடியில் நின்றிருந்தேன். கீழே அண்டாக்களில் நண்டு வெந்துகொண்டிருந்தது. அந்த ஆவி மேலே ஏறி வந்து என் மூக்குக்கண்ணாடியில் படிந்தது. துடைத்தால் உப்பு. மறுபடி துடைத்தால் மறுபடியும் உப்பு.

மாடியின் மூலையில் ஓர் இரும்புக் கம்பம். ஒன்றன்மேல் ஒன்றாகக் குழாய்களைப் பற்றவைத்து நீட்டிய கம்பம். அதன் உச்சியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் வெள்ளையாக ஓர் ஆன்டெனா, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மண்டபத்தைப் பார்த்தபடி.

வெல்டிங் பட்டறை முனியசாமி அண்ணன் ஏணியில் பாதி ஏறி நின்று, ஸ்பேனரால் முதுகைச் சொறிந்துகொண்டார்.

"மேடம், இன்னொருக்கா சொல்லுங்க. ஏத்தணுமா, எறக்கணுமா?"

"இறக்கணும்ணே. நாலு அடி."

"மூணு தடவ என்னைய வச்சு ஏத்துனிய. இப்ப எறக்குங்கிறிய. நெசமாத்தான் சொல்றியளா?"

ஷெட் வாசலில் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஸ்டெல்லா கீழிருந்து கத்தினாள். "அண்ணே, அக்கா சொன்னதச் செய்யுங்க! தப்பாப் போனா வேலை போறது அக்காவுக்குத்தான், ஒங்களுக்கில்ல!"

அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அது அப்படியே உண்மை.

இக்கரை, அக்கரை

பால் கறை படிந்த சேலையோடு நேர்காணலுக்குப் போன கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அந்த வேலைதான் இது. நிறுவனம் சிறியது. மண்டபத்தில் அலுவலகம், கடல் தாண்டிப் பாம்பனில் ஷெட். ஷெட்டில் நண்டை வேகவைத்துச் சதை பிரித்துப் பெட்டியில் அடைப்பார்கள். பிறகு இரண்டு குளிர் அறைகளில் வைப்பார்கள்.

அலுவலகத்தில் முன்பு வலை போட்டுவைத்திருந்த ஓர் அறையில்தான் சர்வர் இருக்கிறது. ஆளுயர இரும்பு அலமாரி, உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி, சுற்றிலும் நீல வயர்கள். குளிர் அறைகளின் வெப்பநிலை நிமிடத்துக்கு ஒருமுறை அதற்கு வந்து சேரவேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் அதுதான் எண் கொடுக்கும். அந்த எண் போட்ட லேபிள் ஷெட்டில் அச்சாகி வந்தால்தான் பெட்டி லாரியில் ஏறும். குளிர் குறைந்தால் எங்கள் எல்லோருடைய போனுக்கும் எச்சரிக்கை அனுப்புவதும் அதுதான்.

எங்கள் அளவுக்குக் கடலுக்கடியில் கேபிள் போடமுடியாது. ஆகவே இரண்டு கரையிலும் இரண்டு கம்பம், இரண்டு ஆன்டெனா. இடையில் காற்று.

வேலையில் சேர்ந்த முதல் வாரம், திரையின் முன் உட்கார்ந்து ஷெட்டில் இருக்கும் கருவியை "இருக்கிறாயா?" என்று கேட்டுப்பார்த்தேன். நெட்வொர்க் வேலையில் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். "இருக்கிறேன்" என்று பதில் வந்தது. போய்வந்த நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. சன்னல் வழியே பார்த்தால் ஒரு வல்லம், மீன்பிடிப் படகு, பாம்பன் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் கேட்டுப் பதிலும் வாங்கிவிட்டேன், அந்த வல்லம் ஒரு சாண்கூட நகரவில்லை. கணிப்பொறி அறிவியல் படித்தவள்தான் நான். இருந்தாலும் அன்று மயிர் கூச்செறிந்தது. பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிடக்கூடாதே என்று கையை மடியில் மறைத்துக்கொண்டேன்.

ஒரே நோட்டில் இரண்டு கணக்கு

நான் எதையும் ஒருமுறை பார்த்துவிட்டு விடுகிறவள் இல்லை. கேஸ் அடுப்பை மூடியது நினைவிருக்கும், ஆனாலும் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். சர்வரின் நகல் சேமிப்பு சரியாக முடிந்ததாகத் திரையில் பச்சை எழுத்தில் வந்தாலும், உள்ளே போய் ஒரு கோப்பைத் திறந்து பார்த்தால்தான் மனசு அடங்கும்.

மகள் பிறந்ததும் இந்தக் குணம் ஒரு நோட்டுப் புத்தகமாக மாறியது. எத்தனை மணிக்குப் பால் குடித்தாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள், எத்தனை மணிக்குக் காரணமில்லாமல் அழுதாள். எல்லாம் அதில் இருக்கும். கணவர் உப்பூர்ப் பக்கம் தங்கி வேலை பார்க்கிறார். வாரம் முழுக்கப் பிள்ளை என்ன செய்தாள் என்று அவர் கேட்டால் நோட்டைத்தான் நீட்டுவேன். "இது பிள்ளையா, பரிசோதனைக் கூடமா?" என்பார்.

அவர் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டில் ஆட்டுவதில் போட்டி நடக்கும். சேலைத் தொட்டிலின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். இருவரும் ஒரே தாளத்தில் தள்ளினால் தொட்டில் விசிறி மாதிரி வீசும். நான் தள்ளும் நேரத்தில் அவரும் எதிரே தள்ளிவிட்டால் தொட்டில் நடுவில் அப்படியே நின்றுவிடும். இரண்டு பேரும் உழைக்கிறோம், தொட்டில் அசையவில்லை. மகள் கண் திறந்து எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்ப்பாள். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

இணைப்பு அறுந்துபோகத் தொடங்கியபோது, அந்த நேரங்களையும் நான் அதே நோட்டில்தான் எழுதினேன். இடப்பக்கம் மகள், வலப்பக்கம் நெட்வொர்க்.

மூன்று முறை ஏற்றினோம்

அது ஒரு விசித்திரமான கோளாறு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஷெட் பதில் சொல்லாது. முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம். பிறகு யாரும் தொடாமலேயே உயிர் வந்துவிடும். சில நாள் பகலில் ஒருமுறை, சில நாள் இரண்டு முறை.

முதலில் உப்பைச் சந்தேகப்பட்டேன். எங்கள் கரையில் எதற்கும் முதல் சந்தேகம் உப்புதான். வயர் முனைகளைக் கழற்றிப் பார்த்தால், பித்தளைப் பற்கள் பச்சை பூத்திருந்தன. எல்லாவற்றையும் மாற்றினேன். ஒரு வாரம் அறுபடவே இல்லை. வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தேன். பாயசம் தீர்வதற்குள் மறுபடி அறுந்தது.

முதலாளி காசிம் பாய் நல்ல மனிதர். துபாயில் நிறைய வருடம் இருந்துவிட்டு வந்தவர். "உசரம் பத்தலம்மா. ஏத்திருவோம்" என்றார். முனியசாமி அண்ணன் வந்து குழாயைப் பற்றவைத்து ஏற்றினார். ஒரு வாரம் சரியாக இருந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றார் பாய். அடுத்த வாரம் அறுந்தது. மறுபடி ஏற்றினோம். மறுபடி சில நாள் நிம்மதி, மறுபடி அறுந்தது. மூன்றாம் முறையும் ஏற்றினோம்.

நான் ஏன் தடுக்கவில்லை என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏற்றிய உடனே சரியானதைக் கண்ணால் பார்த்தேனே! உயரமாக இருந்தால் தூரம் தெரியும் என்பது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

ஷெட்டில் வேறு ஒரு பேச்சு ஓடியது. அமாவாசையை ஒட்டித்தான் மெஷின் படுத்துக்கொள்கிறது என்று. பாய் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். "அமாவாசைக்கு ராமேசுவரத்துக்கு எம்புட்டுச் சனம் வருது! அம்புட்டுப் பேரு கையிலயும் போனு. அதான் நம்ம சிக்னல இடிக்குது." அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பௌர்ணமிக்கும் அறுந்ததே என்று நான் சொன்னபோது, அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பிறகுதான் என் வேலையைப் பற்றிய பேச்சு வந்தது. வெளிநாட்டுக்குச் சரக்கு வாங்குகிறவர்களின் ஆள் வந்து வெப்பநிலைப் பதிவைப் பார்த்துவிட்டு, "நடுவில் இத்தனை ஓட்டை இருக்கிறதே?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

"நீ ஒழைக்கலன்னு சொல்லலம்மா," என்றார் பாய், என்னைப் பார்க்காமல். "வர்ற திங்கக்கிழமை வரைக்கும் பாரு. அதுக்கப்புறமும் அந்துச்சுன்னா மதுரையில ஒரு கம்பெனி இருக்கு, அவுககிட்ட எல்லாத்தையும் ஒப்படைச்சிருவோம். ஒனக்கும் சின்னப் பிள்ளை இருக்கு, அலைச்சல் கொறையும்."

அலைச்சல் குறையும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் முகம் சுளிக்காத வேலை மண்டபத்தில் இன்னொன்று எங்கே இருக்கிறது? நானா தவறு செய்கிறேன்? இந்த வேலைக்கு நான் தகுதிதானா? பேருந்தில் வீடு திரும்பும்வரை இதுதான்.

ஸ்டெல்லா வாசித்த நோட்டு

ஸ்டெல்லா ஷெட்டில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவள், வாய் மட்டும் மூத்தது. இணைப்பு அறுந்தால் அவள்தான் எல்லா எண்ணையும் கையால் எழுதி ஒட்டவேண்டும். அதனால் என்னைக் கண்டாலே, "வாங்கக்கா, ஒங்க மெஷினு இன்னைக்குக் கண்ணு முழிச்சிருச்சா?" என்பாள்.

அந்த வாரம் ஒருநாள் மகளையும் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போயிருந்தேன். மகள் நோட்டைப் பிடுங்கித் தரையில் போட்டாள். ஈரத் தரை. ஸ்டெல்லா பதறி எடுத்து உதறினாள். உதறியவள் அப்படியே விரித்துப் பார்த்தாள்.

"எதுக்குக்கா தண்ணி ஏறுற நேரத்த எழுதி வச்சிருக்கிய?"

"எந்தத் தண்ணி?"

"கடத்தண்ணிதான். இந்தா பாருங்க. ஒன்பது பத்து, மறுநா பத்து மணி, அதுக்கு மறுநா பத்தே முக்கா. தெனமும் முக்கா மணி, ஒரு மணி தள்ளித்தள்ளிப் போகுதுல்ல? நான் கல்யாணத்துக்கு முன்ன எங்கம்மாவோட கடப்பாசி எடுக்கப் போவேன். வத்துற நேரம் பாத்துத்தான் எறங்கணும். இந்தக் கணக்குத் தெரியாட்டி வெறுங்கையோட வரணும்."

"இது தண்ணி இல்ல ஸ்டெல்லா. லைன் கட்டாகுற நேரம்."

அவள் நோட்டையும் என்னையும் பார்த்தாள். பிறகு பக்கம் புரட்டினாள். "இங்கன எட்டு நாளு ஒண்ணுமே எழுதலயே? ஏன்?"

"அப்ப கட்டாகல. கம்பத்த ஏத்துன வாரம்."

"கம்பத்த ஏத்துனதாலயா? அது அட்டமி, நவமிக்கா. அப்பெல்லாம் தண்ணி ரொம்ப ஏறாது, ரொம்ப வத்தாது. சும்மா கெடக்கும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்தான் நெறஞ்சு ஏறும்."

நான் அங்கேயே கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். சர்வரின் பதிவில் இந்த நேரங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே எனக்கு அது தெரியவில்லை. மகளின் தூக்கத்துக்குப் பக்கத்தில் வரிசையாக எழுதியதில்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஷெட்டுக்கு வெளியே படகு கட்டும் சிமென்ட் கட்டை ஒன்று உண்டு. அதில் ஓர் இரும்பு வளையம். மறுநாள் ஸ்டெல்லாவும் நானும் அதைப் பார்த்தபடி காத்திருந்தோம். தண்ணீர் மெல்ல ஏறியது. வளையத்தின் அடியைத் தொட்டது. வளையம் முழுகியது. மடிக்கணினித் திரையில் மண்டபத்திலிருந்து வரும் பதில் தடுமாறியது, பிறகு நின்றது.

"அடியாத்தீ!" என்றாள் ஸ்டெல்லா.

நான் நிமிர்ந்து பார்த்தேன். எங்களுக்குமேல் வானம் வெறுமையாக இருந்தது. சந்திரன் எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் கடலை இழுத்துக்கொண்டிருந்தது. அது என் சர்வரையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

தொட்டில்

பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுக் கல்லூரிப் புத்தகத்தை எடுத்தேன். ஒரு கம்பத்திலிருந்து கிளம்பும் அலை நேராக மட்டும் போவதில்லை. கொஞ்சம் கடல்மேல் பட்டு, கண்ணாடியில் பட்ட வெளிச்சம் மாதிரி எதிரொளித்தும் போய்ச் சேருகிறது. அக்கரைக்கு இரண்டும் வந்து சேர்கின்றன. இரண்டும் ஒரே தாளத்தில் வந்தால் நல்லது. ஒன்று தள்ளும்போது மற்றது எதிரே தள்ளினால்?

தொட்டில் நின்றுவிடும்.

கடல் ஓர் அடி உயர்ந்தால் எதிரொளித்து வரும் வழியின் நீளம் விரல் அகலம்தான் மாறும். தாளத்தைக் கெடுக்க அதுவே போதும். அப்படியானால் நாங்கள் மூன்று முறை ஏற்றியதால் எதுவும் சரியாகவில்லை. அந்தந்த வாரம் கடல்தான் சும்மா கிடந்தது. கம்பத்தின் உயரத்தை மாற்றி, தாளம் கெடும் புள்ளியைக் கடல் மட்டம் போகாத இடத்துக்குத் தள்ளவேண்டும். ஏற்றியும் தள்ளலாம், இறக்கியும் தள்ளலாம்; எது சரிவரும் என்று கணக்குப் போட்டேன். நான்கு அடி இறக்கவேண்டும் என்று வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மூன்றேமுக்கால். மறுபடி. நான்கு.

பாய்க்குப் போன் செய்து சொன்னேன்.

"எறக்கணுமா? ஏத்துனதையெல்லாமா?"

"ஆமா சார். கொஞ்சம்."

"படிச்ச புள்ள சொல்றே. எறக்கு. ஆனா திங்கக்கிழமைங்கிறது திங்கக்கிழமைதாம்மா."

வளையம் முழுகியது

இப்படித்தான் பௌர்ணமியன்று அந்த மாடிக்கு வந்து நின்றேன். முனியசாமி அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே நான்கு அடி இறக்கினார். தட்டு மறுபடி மண்டபத்தை நேராகப் பார்க்கவேண்டும். நான் திரையில் சிக்னல் அளவைக் காட்டும் எண்ணைப் பார்த்து, "எடது பக்கம்ணே. இன்னும் துளி. போதும், போதும்" என்றேன். போல்ட்டை இறுக்கிவிட்டு இறங்கி வந்தவர், "எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா ஒங்க மொகத்தப் பாத்தா ஒங்களுக்கும் வெளங்கல" என்றார்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

மூவரும் கட்டையருகே நின்றோம். மகள் ஸ்டெல்லாவின் தோளில் தூங்கிப்போயிருந்தாள். வளையத்தின் அடியில் அலை தட்டியது. நான் மனசுக்குள், கணக்கில் எங்கே பிழை இருக்கும் என்று தேடிக்கொண்டே இருந்தேன். ஒன்றிரண்டு இடம் கிடைத்தது. வளையம் பாதி முழுகியது. பிறகு முழுதும்.

திரையில் பதில் வந்துகொண்டிருந்தது. இருக்கிறேன். இருக்கிறேன். இருக்கிறேன்.

பெட்டிகள் வரத் தொடங்கியதும் ஷெட்டுக்குள் லேபிள் மெஷின் 'கிர்ர்' என்று சத்தமிட்டது. ஒன்று. இன்னொன்று. இன்னொன்று. உள்ளே யாரோ, "ஏ ஸ்டெல்லா, லேபிள் வந்து விழுகுதுடி! எங்கடி போன?" என்று கூவினார்கள். அவள் நகரவில்லை. நானும் நகரவில்லை. பௌர்ணமிக் கடல் நிறைந்து, ஓசையில்லாமல், எங்கள் காலடிவரை வந்து நின்றது. அதன்மேல் ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் போய்வந்துகொண்டிருந்தது. கும்பிடவேண்டும்போல் இருந்தது. எதை என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை பாய் மதுரைக் கம்பெனிப் பேச்சை எடுக்கவில்லை. சர்வர் அறை வாசலில் வந்து நின்று, விளக்குகள் மினுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்றார். பிறகு, "எறக்குனா எப்படிம்மா நல்லாருக்கும்?" என்றார். நான் தொட்டில் கதையைச் சொன்னேன். தலையாட்டினார். நம்பவில்லை.

நீலத் தகரம்

இதோடு முடித்தால் நன்றாக இருந்திருக்கும். மகளுக்குக் காய்ச்சல் வந்து நான் நான்கு நாள் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்தால் இணைப்பு அறுந்திருந்தது. அமாவாசை. பாம்பனுக்கு ஓடினேன். மாடியில் கம்பம் பழைய உயரத்தில் நின்றது.

"நான்தான் மேடம்," என்றார் முனியசாமி அண்ணன், பெருமையோடு. "இந்தப் பக்கம் ஒரு வேலைக்கு வந்தேன். பாவம், பிள்ளைக்கு மேலுக்குச் சொகமில்லன்னு சொன்னாக. நீங்க வந்து கஷ்டப்பட வேணாமேன்னு ஒரு ஒத்தாசைக்கு ஏத்தி விட்டேன். காசெல்லாம் வேணாம்."

திட்ட மனசு வரவில்லை. மறுபடி இறக்கினோம். கம்பத்தில் ஒரு நீலத் தகரம் கட்டி, 'இதை உயர்த்தாதீர்கள்' என்று எழுதிவைத்தேன். ஒரே மாதத்தில் கேபிள் டிவிக்காரர் ஒருவர் வந்து, "யாரோ தெரியாம எழுதிட்டாங்க போல" என்று சொல்லிக்கொண்டே ஸ்பேனரை எடுத்திருக்கிறார். ஸ்டெல்லா நண்டுக் கூடையோடு ஓடிப்போய்த் தடுத்தாள்.

பெரிய நிறுவனங்கள் கடல்மேல் இணைப்புப் போடும்போது, ஒரே கம்பத்தில் இரண்டு தட்டுகளை வேறு வேறு உயரத்தில் வைப்பார்கள், ஒன்றில் தாளம் கெட்டால் மற்றது பிடித்துக்கொள்ளும் என்று பிறகு படித்தேன். நான் நினைத்தது தவறில்லை என்று அன்று கொஞ்சம் தூக்கம் வந்தது. ஆனால் எங்களிடம் இருப்பது ஒரு தட்டு. அதோடு ஸ்டெல்லா வேறு சொல்கிறாள்: "ஐப்பசி, கார்த்தியில தண்ணி பொதுவாவே மேல நிக்கும்க்கா. அப்ப என்ன செய்விய?" அப்போது நானே ஒரு கை அளவு மாற்றவேண்டி வரலாம். அப்படியிருக்க, எப்போதும் தொடாதே என்று எழுதலாமா?

வாசகர்களே, உங்களிடம் ஒரு யோசனை கேட்கிறேன். பழைய எழுத்தை அழித்து, தகரத்துக்கு மறுபடி நீல வண்ணம் அடித்துக் காயவைத்திருக்கிறேன். மூன்று வரிக்குமேல் இடமில்லை. காரணத்தை எழுதினால் நம்பமாட்டார்கள். எழுதாவிட்டால் ஏற்றிவிடுவார்கள். ஏற்றுகிறவர்கள் கெட்டவர்களும் இல்லை, எனக்கு உதவி செய்ய வருகிறவர்கள். நான் இல்லாத ஒருநாள், நல்ல மனசோடு ஏணியில் ஏறும் அந்த மனிதர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நிமிடம் திரும்பிக் கடலைப் பார்க்கவேண்டும்.

அதற்கு அந்த மூன்று வரியில் நான் என்ன எழுதட்டும்?